கடித்தது நாய், கணக்குச் சொல்ல வேண்டியது யார்?



பள்ளிபாளையத்துச் சந்து ஒன்றை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். பொழுது இன்னும் புலரவில்லை. இரவெல்லாம் தறியோட்டிய ஒருவர், காதில் தறியின் இரைச்சல் அடங்காமல், கண்ணில் உறக்கம் கப்பிய நிலையில் வீடு நோக்கி நடக்கிறார். கோழிக்கடைக் கழிவைச் சுற்றி நிற்கும் நாய்க்கூட்டத்தில் ஒன்று பாய்ந்து வந்து, அவருடைய கெண்டைக்காலைக் கவ்விவிட்டு ஓடுகிறது. வீட்டில் மனைவி மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பற்றுப் போடுகிறார். அடுத்த வீட்டு முதியவர் எருக்கம்பால் வைக்கச் சொல்கிறார். மறுநாள் அரசு மருத்துவமனைக்குப் போகிறார், ஊசி போட்டுக்கொள்கிறார். மூன்றாம் நாள் வரச் சொல்கிறார்கள், போகிறார். ஏழாம் நாள் வரச் சொல்கிறார்கள், அன்று தறிக்கு மாற்றாள் இல்லை, முதலாளி விடவில்லை, ஒரு நாள் கூலியை இழக்க அவருக்கும் மனம் இல்லை. புண் ஆறிவிட்டது, வலியும் இல்லை. போகவில்லை.

இது தனியொருவர் வரலாறு அன்று. ஆகவேதான் பெயர் குறிக்கவில்லை. ஆனால் சேலம், நாமக்கல் சமவெளியில் உழைத்துப் பிழைக்கும் மக்கள் வாழும் எந்தத் தெருவில் வேண்டுமானாலும் இதைச் சொல்லிப் பாருங்கள். ‘எங்கள் தெருவில் நடந்தது இவருக்கு எப்படித் தெரிந்தது?’ என்று கேட்பார்கள்.

பெரும்பாலும் அந்தத் தோழருக்கு ஒன்றும் நேராது. கடித்த நாய் நோயற்ற நாயாக இருந்திருக்கும். ஆனால் அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற ஒரு சொல்லின்மீது ஓர் உழைப்பாளியின் உயிரை வைத்துச் சூதாடுகிறோமே, அது அடுக்குமா? கடித்த நாய் வெறிபிடித்த நாயாக இருந்திருந்தால்? ஒரு மாதமோ மூன்று மாதமோ, சில வேளைகளில் ஓராண்டுக்கு மேலுமோ அந்த நஞ்சு ஓசையின்றி நரம்பின் வழியே மூளை நோக்கி ஊர்ந்து செல்லும். பிறகு ஒரு நாள் தண்ணீரைக் கண்டால் தொண்டை இறுகும். காற்றுப் பட்டால் உடல் நடுங்கும். அந்த அறிகுறி தோன்றிய பின்னர் உலகின் எந்த நாட்டு மருத்துவராலும் செய்யக்கூடியது ஏதுமில்லை என்றே சொல்லிவிடலாம்.

ஆனால் அறிகுறி தோன்றுவதற்கு முன்? காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, உரிய காலத்தில் உரிய ஊசிகளைப் போட்டுவிட்டால், ஏறக்குறைய எல்லாரும் பிழைப்பார்கள். வந்தபின் சாவு உறுதி. வருமுன் காப்பும் உறுதி. இப்படிப்பட்ட நோயால் ஒருவர் இறந்தால் அதை விதி என்று சொல்ல நமக்கு உரிமை உண்டா? வெள்ளத்தில் மாண்டார் என்றால் இயற்கையின் சீற்றம் எனலாம். வெறிநாய்க்கடியில் மாண்டார் என்றால், நான்கு முறை ஊசி போட வேண்டிய சமுதாயம் போடத் தவறியது என்றுதான் பொருள்.

2024ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நாய்க்கடி என்று பதிவானவை 4,80,000க்கும் மேல். வெறிநோயால் இறந்தோர் 43 பேர். இந்தியா முழுவதும் அவ்வாண்டில் பதிவான நாய்க்கடிகள் 37 இலட்சத்தைத் தாண்டின. இறப்புக் கணக்கிலோ பெரும் குழப்பம். ஏடுகளில் ஏறும் எண்ணிக்கை சில பத்துகள். இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றத்தார் வீடு வீடாகக் கேட்டு மதிப்பிட்டபோது ஆண்டுக்கு 5,700 பேர் என்று கிடைத்தது. உலக நலவாழ்வு நிறுவனம் நெடுங்காலமாகச் சொல்லி வந்ததோ 18,000 முதல் 20,000 வரை. எது சரி என்று அறிஞர்கள் வாதிடட்டும். செத்தவர்களைக்கூடச் சரியாக எண்ணாத நாட்டில், கடித்த நாய்களை யார் எண்ணியிருக்கப் போகிறார்கள் என்பதுதான் நம் கேள்வி.

நாய்க்கடி பற்றிப் பேச்செடுத்தால் போதும், நாடு இரண்டு முகாம்களாகப் பிரிந்துவிடுகிறது. ‘அத்தனை நாயையும் கொன்று தீருங்கள்’ என்பார் ஒரு சாரார். ‘வாயில்லா உயிரைத் தொடாதீர்கள்’ என்பார் மறு சாரார். முன்னவர் பின்னவரை இரக்கமற்ற மனிதப் பகைவர் என்கிறார். பின்னவர் முன்னவரைக் கொலைகாரர் என்கிறார். தொலைக்காட்சியில் இருவரும் மோதிக்கொள்ளும்போது பார்ப்பதற்குச் சுவையாகத்தான் இருக்கிறது. அந்த மோதல் நடக்கும் வரையில் ஒருவர் மட்டும் நிம்மதியாக உறங்குகிறார். யார் அவர்? நாய்க்கு ஊசி போடவேண்டிய பொறுப்பையும், மனிதனுக்கு ஊசி இருப்பில் வைக்கவேண்டிய பொறுப்பையும் சட்டம் யார் தலையில் வைத்ததோ, அவர்!

முதல் முகாமை எடுத்துக்கொள்வோம். கொன்றால் தீருமா? தீராது என்பதற்கு நம் தலைநகரே சான்று. சென்னை மாநகராட்சி தெருநாய்களைப் பிடித்துக் கொல்லும் வேலையை ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திலேயே தொடங்கி, நூறாண்டுக்கு மேல் விடாது செய்தது. நாய் வண்டி வந்தது, நாய்கள் மடிந்தன, மறு ஆண்டு அதே தெருவில் அதே அளவு நாய்கள் நின்றன. நோயும் நின்றது. 1996இல்தான் அம்முறையைக் கைவிட்டு, நாய்களுக்குக் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு விடும் முறைக்கு மாநகராட்சி வந்தது. காரணம் எளிது. தெருவில் குப்பை இருக்கும் வரை, அந்தக் குப்பையைத் தின்ன ஒரு நாய்க் கூட்டம் இருக்கும். இருக்கும் கூட்டத்தைக் கொன்றால் பக்கத்துத் தெருவிலிருந்து புதுக் கூட்டம் வந்து சேரும். ஊசி போட்ட பழைய நாய் போய், ஊசி போடாத புதிய நாய் வந்து நிற்கும்.

இரண்டாம் முகாமுக்கும் ஒரு சொல். நாயிடம் அன்பு காட்டுவது நல்ல பண்புதான். ஆனால் மகிழுந்தின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு அந்த அன்பு மலிவாகக் கிடைக்கிறது. நாய்க்கடி படுகிறவர் யார்? இரவு முறை முடித்து வரும் தறித் தொழிலாளி. இருள் பிரியுமுன் தெருக்கூட்ட வரும் தூய்மைப் பணியாளர். செய்தித்தாளும் பாலும் போடும் இளைஞர். ஆடு மேய்ப்பவர். தெருவே விளையாட்டுத் திடலாகிவிட்ட ஏழை வீட்டுக் குழந்தை. குழந்தை குட்டையானது, நாய் பாய்ந்தால் அதன் முகத்திலும் கழுத்திலும் கடிபடும், மூளைக்கு மிக அருகில் நஞ்சு இறங்கும். வெறிநாய் என ஐயுறப்படும் விலங்குகளிடம் கடிபடுவோரில் நூற்றுக்கு நாற்பது பேர் பதினைந்து வயதுக்கு உட்பட்டவர்கள் என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. அந்தத் தாயின் கண்ணீருக்கு விடை சொல்லாத அன்பு, அரைகுறை அன்புதான்.

சரி, வழி என்ன என்று கேட்கிறீர்கள். வழி புதிதாகக் கண்டுபிடிக்கப்பட வேண்டியது அன்று. அது பழைய வழி.

1885ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பாரிசு நகரில், வெறிநாயால் கடியுண்ட ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு லூயி பாசுடர் முதன்முதலாகத் தடுப்பு மருந்து செலுத்தச் செய்தார். சிறுவன் பிழைத்தான். அந்த அறிவு நம் நாட்டுக்கு வந்து சேர எத்தனை ஆண்டு? 1900இல் இமயத்தின் அடிவாரத்துக் கசௌலியில் ஒரு நிலையம் எழுந்தது. தென்னாட்டில் கடிபட்டவர் வடக்கே அத்தனை தொலைவு போனால்தான் மருந்து! 1902இல் ஓர் ஆங்கில நங்கை வெறிநாய்க்கடியால் இறந்தாள். அந்த இறப்பு தூண்டுதலாக அமைய, அமெரிக்கச் செல்வர் என்றி பிப்சு அளித்த கொடையிலிருந்து பணம் ஒதுக்கப்பட்டு, 1907இல் நீலகிரியின் குன்னூரில் பாசுடர் நிறுவனம் தோன்றியது. அதற்கு முன் எத்தனை ஆயிரம் உழவர்களும் உழத்தியரும் இம்மண்ணில் அந்நோயால் மாண்டிருப்பார்கள்! அவர்கள் சாவு எந்த நிறுவனத்தையும் எழுப்பவில்லை. ஆளுவோரின் இனத்தைச் சேர்ந்த ஓர் உயிர் போனபோதுதான் கல் நடப்பட்டது. இதை ஆத்திரத்துக்காகச் சொல்லவில்லை, பாடத்துக்காகச் சொல்கிறேன். ஏழையின் சாவு தானாகப் பேசாது. நாம்தான் அதற்காகப் பேச வேண்டும்.

அதன் பிறகு நெடுநாள், ‘நாய் கடித்தால் தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி’ என்பது ஊருக்கு ஊர் வழங்கிய பேச்சு. ஆட்டு மூளையிலிருந்து எடுத்த மருந்து அது. வலி மிகுதி, சிலருக்கு நரம்பு நோயும் உண்டாக்கியது. அந்த அச்சத்தாலேயே ஊசியைத் தவிர்த்து மாண்டவர்கள் உண்டு. 2005ஆம் ஆண்டு வாக்கில் இந்தியா அம்மருந்தை முற்றிலும் கைவிட்டது. இன்றைய மருந்து உயிரணு வளர்ப்பு முறையில் செய்யப்படுவது. வயிற்றில் குத்துவதில்லை. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் சிறிதளவாகப் போடும் முறையில், முதல் நாள், அதிலிருந்து 3ஆம் நாள், 7ஆம் நாள், 28ஆம் நாள் என்று நான்கு வருகை, கையில் சிறு குத்து, செலவும் இல்லை. காயம் ஆழமாயிருந்து குருதி கசிந்தால், அதே முதல் நாளில் காயத்தைச் சுற்றி எதிர்ப்புச் சீரமும் செலுத்த வேண்டும். அவ்வளவுதான். பாரிசுக்குப் போக வேண்டாம், கசௌலிக்கும் வேண்டாம், குன்னூர் மலையும் ஏற வேண்டாம். ஆனாலும் ஏன் சாகிறார்கள்?

மேலே சொன்ன ஆராய்ச்சி மன்றத்து ஆய்வே விடை தருகிறது. நாயால் கடிபட்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் ஊசியே போட்டுக்கொள்ளவில்லை. மூன்று தவணையாவது போட்டுக்கொண்டவர் மூன்றில் இரு பங்கினர்தாம். ‘அறியாமை!’ என்று எழுதிவிட்டுப் பேனாவை மூடிவிடலாம். ஆனால் பள்ளிபாளையத்துத் தோழருக்கு அறியாமையா? முதல் இருமுறை அவர் போனாரே! மூன்றாம் முறை அவரைத் தடுத்தது கூலி. பகல் பத்து மணிக்கு மட்டும் ஊசி என்றால், பகல் பத்து மணிக்கு உழைக்கிறவன் எப்படி வருவான்? சீரம் பெரிய மருத்துவமனையில்தான் என்றால், கொல்லிமலைச் சிற்றூரில் கடிபட்டவர் மலையிறங்கி, பேருந்து மாறி வந்து சேரும்போது பொழுது சாய்ந்திருக்காதா? மக்களைக் குறை கூறுமுன் நேரத்தையும் தொலைவையும் கூலியையும் கணக்கில் எடுங்கள்.

இனி, சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். நம் தோழர்கள் இதைத் தெளிவாக அறிந்திருக்க வேண்டும். மேடையில் பேசுமுன் கையேட்டைப் புரட்ட வேண்டும்.

விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அதன் கீழ், நாய்களின் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள் 2001இல் வந்தன. அவற்றை நீக்கிப் புதிய விதிகள் 2023இல் வந்தன. சாரம் இதுதான்: தெருநாயைப் பிடிக்க வேண்டும், கருத்தடை செய்ய வேண்டும், வெறிநோய்த் தடுப்பூசி போட வேண்டும், அடையாளத்துக்குக் காதில் வெட்டுக்குறி இட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். வெறிநோய் உண்டென ஐயுறப்படும் நாயைத் தனியே அடைத்து வைக்க வேண்டும். இதற்கெல்லாம் பொறுப்பு உள்ளாட்சி மன்றத்தினுடையது. மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி எதுவாயினும் சரி. ‘எங்களுக்கும் இதற்கும் தொடர்பில்லை’ என்று எந்த மன்றமும் கை கழுவ முடியாது.

2025இல் உச்சநீதிமன்றமும் இதில் இறங்கியது. ஆகத்து 11இல் இரு நீதிபதிகள் அமர்வு, தில்லிச் சுற்றுப்புறத்துத் தெருநாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்கச் சொல்லியது. ஆகத்து 22இல் மூவர் அமர்வு அதை மாற்றி, கருத்தடையும் ஊசியும் முடித்து அதே இடத்தில் விடலாம். வெறிநோய் கொண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது. கண்ட இடத்தில் உணவு வைக்கக் கூடாது, அதற்கென இடம் ஒதுக்க வேண்டும் என்று ஆணையிட்டு, வழக்கை எல்லா மாநிலங்களுக்கும் விரித்தது. நவம்பர் 7இல், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம், விளையாட்டு அரங்கம் ஆகிய இடங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும், அகற்றியவற்றை அங்கேயே திரும்ப விடக் கூடாது என்றது.

விதி இருக்கிறது, ஆணை இருக்கிறது. இல்லாதது என்ன? ஆளில்லை, அறையில்லை, பணமில்லை, எண்ணிக்கை இல்லை! அறுவை செய்யக் கால்நடை மருத்துவர் வேண்டும். அறுவைக்கூடம் வேண்டும். அறுவைக்குப் பின் சில நாள் வைத்திருக்கக் கூண்டு வேண்டும். துன்புறுத்தாமல் பிடிக்கத் தெரிந்தவர் வேண்டும். வண்டி வேண்டும். ஓர் ஊராட்சி தன் வருவாயில் இத்தனையும் செய்யுமா? மேலே இருப்பவர்கள் விதியை எழுதிக் கீழே தள்ளினார்கள். பணத்தை உடன் தள்ள மறந்தார்கள். அதிகாரத்தை மேலே வைத்துக்கொண்டு பழியை மட்டும் பரவலாக்குவது நம் நாட்டு ஆட்சிமுறையின் பழைய நோய். அந்நோய்க்கும் ஓர் ஊசி வேண்டியிருக்கிறது!

நம் சமவெளிக்கு வாருங்கள். சேலம் நகரமன்றம் 1866இல் தோன்றியது, 1994இல் மாநகராட்சியாயிற்று. நாமக்கல் 1997இல் தனி மாவட்டமாயிற்று; 2024இல் நாமக்கல் நகரும் மாநகராட்சியாக உயர்ந்தது. பெயர்ப் பலகைகள் உயர்ந்தன, மகிழ்ச்சி. ஆனால் ஓமலூருக்கும் இராசிபுரத்துக்கும், சங்ககிரிக்கும் ஆத்தூருக்கும் இடையே கிடக்கும் சிற்றூர்களின் நிலை என்ன? நாய்ப்பிடிப் பேச்செல்லாம் நகரத்தோடு நின்றுவிடுகிறது. நாயோ ஊராட்சி எல்லைக் கல்லைப் படித்துவிட்டு நிற்பதில்லை. இன்னொன்றையும் மறக்க வேண்டா: இவ்விரு மாவட்டங்களிலும் ஊரக உள்ளாட்சியின் பதவிக்காலம் 2025 சனவரியில் முடிந்தது, தேர்தல் நடத்தப்படாமல் ஊராட்சிகள் தனி அலுவலர் பொறுப்பில் விடப்பட்டன. கடிபட்டவர் கதவைத் தட்டிக் கேட்க ஊரில் ஓர் உறுப்பினர்கூட இல்லாத நிலையை உண்டாக்கிவிட்டு, ‘உள்ளாட்சியே பொறுப்பு’ என்று விதி பேசுவது எவ்வளவு பெரிய கேலிக்கூத்து!

அடுத்து, நம் நிலத்துக்கே உரிய ஒரு செய்தி. நாமக்கல் என்றால் முட்டை. நாட்டுக்கே முட்டை தரும் ஊர். பெருமைதான். ஆனால் செத்த கோழியும், உடைந்த முட்டையும், இறைச்சிக்கடைக் கழிவும் எங்கே போகின்றன? முறையாகப் புதைப்பவரும் எரிப்பவரும் உண்டு. இரவோடிரவாக ஏரிக்கரையிலும் நெடுஞ்சாலை ஓரத்திலும் மூட்டையை வீசிவிட்டுப் போகிறவரும் உண்டு. வீசப்படும் ஒவ்வொரு மூட்டையும் நாய்களுக்கு நாம் வைக்கும் விருந்து. அந்த விருந்தில் வளர்ந்த கூட்டம் பிறகு பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுகிறது. அண்டையிலுள்ள ஈரோடு, திருப்பூர் மாவட்டத்து உழவர்கள் செத்த ஆடுகளைத் தூக்கிவந்து சாலையில் போட்டுப் போராடியதை நாடு கண்டது. 2025இல் தமிழக அரசு இழப்பீடு அறிவித்தது. ஆட்டுக்கு இழப்பீடு கிடைத்தது நல்லதுதான். நாய்க்கு ஊசி போட்டிருந்தால், குப்பையை ஒழுங்காக அள்ளியிருந்தால், அந்தச் செலவில் ஒரு பங்கு மிஞ்சியிருக்குமே! கருத்தடை ஒரு கை என்றால் குப்பை அள்ளுவது மறு கை. ஒரு கையால் மட்டும் தட்டினால் ஓசை வராது.

நம்மிடம் அறிவு இல்லையா? நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985 முதல் இயங்குகிறது. சேலம் மாவட்டத்துத் தலைவாசலில் கால்நடைக்கெனப் பெரும் ஆராய்ச்சி வளாகமே எழுந்துள்ளது. கால்நடை மருத்துவம் பயிலும் இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் இவ்விரு மாவட்டங்களிலேயே இருக்கிறார்கள். கத்தி பிடிக்கத் தெரிந்த கை இங்கே இருக்கிறது. அறுவைக் கூடம்தான் இல்லை. இந்த இரண்டையும் இணைக்க ஒரு திட்டமும், அதற்கொரு தொகையும் போதும்.

முடியுமா என்று ஐயுறுவோருக்கு மூன்று சான்றுகள். கோவாவில் தெருத் தெருவாகச் சென்று ஆண்டுதோறும் நாய்களுக்கு ஊசி போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னார்கள். மூன்றாண்டுகள் மனிதச் சாவே இல்லாத நிலை கண்டு, 2021இல் வெறிநோய் கட்டுப்படுத்தப்பட்ட மாநிலம் என அறிவித்தார்கள். நம் உறவு மண்ணாகிய இலங்கையில் 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு முந்நூறுக்கு மேற்பட்டோர் இந்நோயால் மாண்டார்கள். நாய்களுக்குப் பரவலாக ஊசி போட்டதன் பயனாக அது சில பத்துகளாகக் குறைந்தது. மெக்சிகோ நாடு 2019இல் நாய்வழி மனித வெறிநோயை ஒழித்த முதல் நாடு என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் சான்று பெற்றது. மூன்று இடத்திலும் மந்திரம் ஒன்றே: நூறு நாயில் எழுபதுக்கு ஊசி. எழுபதைத் தொட்டு, ஆண்டுதோறும் அதைக் காத்து நின்றால் நோய்ச் சங்கிலி அறுகிறது. இந்தியாவும் 2030க்குள் ஒழிப்போம் என்று 2021இல் திட்டம் வெளியிட்டது. எழுபது விழுக்காடு என்று சொல்ல வேண்டுமானால் முதலில் நூறு எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? எண்ணாதவன் எப்படி எட்டுவான்?

ஆகவேதான் சொல்கிறேன்: நாயைப் பற்றிய சண்டையை விடுங்கள், கணக்கைக் கேளுங்கள். ஒவ்வொரு மன்றத்திடமும் ஐந்து கணக்கு கேட்போம்.

ஒன்று: உங்கள் எல்லைக்குள் நாய்கள் எத்தனை? எண்ணிய நாள் எது?

இரண்டு: இவ்வாண்டு ஊசி போட்டவை எத்தனை, கருத்தடை செய்தவை எத்தனை?

மூன்று: உங்கள் ஊரின் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்று தடுப்பூசி இருப்பு எவ்வளவு? சீரம் மிக அருகில் எங்கே கிடைக்கும்? இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் கிடைக்குமா?

நான்கு: சென்ற மாதம் முதல் ஊசி போட்டவர் எத்தனை பேர், நான்காவது ஊசி வரை வந்தவர் எத்தனை பேர்? வராதவர் வீட்டைத் தேடி யார் போனார்?

ஐந்து: இறைச்சிக் கழிவு எங்கே கொட்டப்படுகிறது?

இந்த ஐந்து எண்களையும் மன்றத்தின் வாயிலில், மருத்துவமனையின் சுவரில், மக்கள் படிக்கும்படி மாதந்தோறும் எழுதி வைக்க வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் வேண்டா. ஒரு கரும்பலகையும் ஒரு சுண்ணக்கட்டியும் போதும். அதோடு, நான்கு வருகைக்கும் கூலிப்பிடித்தம் இல்லாத விடுப்பை உழைப்பாளிக்கு உறுதி செய்ய வேண்டும். தறி ஒரு நாள் நின்றால் துணி குறையும். தறியோட்டியே போய்விட்டால் குடும்பம் குலையும்.

இந்தக் கேள்விகளை எதிர்க்கட்சி உறுப்பினரிடம் மட்டும் கேட்பது எளிது. கைதட்டலும் கிடைக்கும். ஆனால் தோழர்களே, நம்மவர் அமர்ந்திருக்கும் மன்றங்களிலும் இதே ஐந்தையும், இதே குரலில் கேட்க வேண்டும். சாலைக்கும் சாக்கடைக்கும் ஒப்பந்தம் பேச நேரம் கண்ட உறுப்பினர்கள், நாய்க்கடி என்றதும் ‘அது சுகாதாரத் துறை’ என்று நழுவுவதில் கட்சி வேறுபாடு கிடையாது; இதை மறைத்து எழுதினால் இந்தப் பத்தி எழுதுவதில் பொருளில்லை. நம் உறுப்பினர் வெட்கப்பட்டாலும் சரி. வாக்களித்த தாய் அழாமல் இருக்க வேண்டும்.

கேட்பதோடு கடமை முடிந்ததா? இல்லை. கிளை என்பது சுவரொட்டி ஒட்ட மட்டும் அன்று. ஒவ்வொரு கிளையும் தன் தெருவில் நான்கு செய்திகளை வீடு வீடாகச் சொல்லட்டும். கடிபட்ட உடனே, ஓடும் நீரில் சோப்பு போட்டுக் கால் மணி நேரம் காயத்தைக் கழுவுங்கள். மிளகாய்த்தூள், சுண்ணாம்பு, எருக்கம்பால் எதையும் வைக்காதீர்கள். மந்திரித்துக் கயிறு கட்டிக்கொண்டு காலம் கடத்தாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். சிறு கீறலாயினும், குட்டி நாயாயினும், வீட்டு நாயாயினும், பூனையாயினும் போங்கள். தவணை முடியும் வரை நிறுத்தாதீர்கள். கடித்ததை வீட்டில் சொன்னால் அடி விழும் என்று அஞ்சி மறைக்கும் பிள்ளைகள் உண்டு. ‘சொன்னால் அடிக்க மாட்டோம்’ என்று பெற்றோர் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

முடிந்தால் இன்னும் ஒன்று. கடிபட்டவர் பட்டியலை ஒரு சிறு ஏட்டில் குறித்து வைத்து, 3ஆம் நாளும், 7ஆம் நாளும், 28ஆம் நாளும் அவர் வீட்டு வாசலில் போய் நில்லுங்கள். ‘வாருங்கள், போய் வருவோம்’ என்று கூட்டிச் செல்லுங்கள். தேர்தல் நாளில் முதியவரைத் தோளில் தூக்கிச் சென்று வாக்குப் போடச் செய்த கைகள்தாமே இவை? அந்தத் தோள் அன்று மட்டும்தான் வலுவுள்ளதா?

நஞ்சு கலந்த உணவை இரவில் வைத்துவிட்டு வரும் வீரத்தை மட்டும் எந்தத் தோழரும் செய்ய வேண்டா. அது சட்டப்படி குற்றம். அறிவுப்படியும் பிழை, ஊசி போட்ட நாயும் அதில் சாகும், சாகாத நாய் வேறு தெருவுக்கு ஓடும், விளையாடும் குழந்தை கையில் அந்த உணவு சிக்கினால் பழி நம்மைச் சேரும்.

பள்ளிபாளையத்துச் சந்துக்கு மீண்டும் போவோம். அந்தத் தோழர் இப்போதும் இரவு முறை முடித்து அதே வழியில்தான் நடக்கிறார். அவருக்கு இன்னும் இரண்டு தவணை பாக்கி இருக்கிறது. அந்தப் பாக்கி அவர் பெயரில் மட்டும் எழுதப்பட்டதன்று. ஊசியை இரவில் தராத மருத்துவமனை, விடுப்புத் தராத முதலாளி, நாயை எண்ணாத மன்றம், குப்பையை அள்ளாத ஊர், கேட்க மறந்த நாம் எல்லாரும் அதில் கூட்டுக் கடனாளிகள். அடுத்த ஞாயிற்றுக்குள் உங்கள் கிளையின் சார்பில் ஒருவராவது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், ‘இன்று இருப்பு எவ்வளவு?’ என்று கேட்டு எழுதி வாருங்கள். கடன் தீர்ப்பது அந்த ஒரு வரியில் தொடங்கட்டும்.